மன்னார்க் கரையும் சிறுநகர்ப் பல்கலைக்கழகமும்

கடற்கரையூர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் துறைமுகத்தையும் திருக்கோயிலையும் அங்கு நிகழ்ந்த போர்களையும் விரித்துரைப்பர். அவ்வூர்ப் பிள்ளை உயர்கல்வி தேடி எவ்வழியே சென்றான், சென்றவிடத்து எங்ஙனம் வாழ்ந்தான் என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஊரின் வருங்காலம் எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதை அறிய வேண்டின், மாணவன் சென்ற வழியைப் பின்தொடர்தலே நேரிய முறையாகும். அம்முறையில் நோக்கத்தக்க ஊர்களுள் ஒன்று விடத்தல்தீவு.

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பகுதியில், மாந்தை மேற்குப் பிரிவில், மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அடுத்து இவ்வூர் அமைந்துள்ளது. விடத்தல் என்பது வறண்ட நிலத்தில் வளரும் முள்மரம் ஒன்றின் பெயர். பெயரில் தீவு என்னும் சொல் இருப்பினும் இது தீவன்று. ஒருபுறம் கண்டற்காடும் ஆழமற்ற கடலும், மறுபுறம் வயலும் குளமும் சூழ்ந்த கரையூர். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் தலைமுறை தலைமுறையாக அயலவராய் வாழ்ந்த மண் இது. தெற்கே சிறிது தொலைவில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவிக் கரையில் விளங்குகின்றது. பண்டைய மாந்தைத் துறை உலக வாணிகத்துக்குரிய பெருந்துறையாயிருந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. பல தேசத்து மரக்கலங்கள் வந்து தங்கிய அக்கரையின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் ஒன்றின் வாயிலை அடைவது மட்டும் நெடுங்காலம் அரிதாயிருந்தது.

பல்கலைக்கழகங்களை அவை அமைந்த இடம்பற்றி இருவகையாகப் பிரிக்கலாம். பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவன் காலையில் விரிவுரை கேட்டு மாலையில் தன் இல்லம் திரும்புகின்றான். அவனது வாழ்வு நகரத்தோடு கலந்துவிடுகின்றது. சிறுநகரத்தில் அமைந்த பல்கலைக்கழகமோ அவ்வாறன்று. அங்கே மாணவன் கற்பதற்கு மட்டும் செல்வதில்லை, வாழ்வதற்கே செல்கின்றான். உண்பதும் உறங்குவதும் வாதிடுவதும் நோயுற்றுக் கிடப்பதும் ஒரே வளாகத்தில் நிகழ்வன. ஆசிரியரும் அயலிலேயே குடியிருப்பர். கடைத்தெரு சிறிது, பொழுதுபோக்கு அரிது. எனவே மாணவர் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் நண்பராகவும் சில வேளை பகைவராகவும் ஆதல் இயல்பு. இத்தகைய வாழ்வே மன்னார்க் கரையினர்க்குப் பெரும்பாலும் வாய்த்தது. ஏனெனில், சிதம்பரமாயினும் பேராதனையாயினும் வவுனியாவாயினும் அவர்கள் நாடிச் சென்ற கல்வி நிலையங்கள் பல சிறுநகரத்தைச் சார்ந்தனவே.

அவற்றுள் காலத்தால் முந்தியது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதனோடு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி ஆகியனவும் தோன்றின. தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ. வே. சாமிநாதையர் தலைவராக விளங்கினார். இக்கல்லூரிகளை ஒன்றாக்கி, சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி 1929இல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதற்கெனச் செட்டியார் அளித்த நன்கொடை 20 இலட்சம் ரூபாய். வேறு ஊர்களிலுள்ள கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகமாக அன்றி, மாணவரைத் தன்னிடத்தே தங்கவைத்துக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவே அது தொடங்கியது. செல்வர் ஒருவரின் கொடையால் எழுந்தும் சட்டத்தால் நிலைபெற்ற அந்நிறுவனம், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தமிழ்நாட்டு அரசின் முழுப் பொறுப்புக்கு உட்பட்டது.

ஈழத்து மாணவர்க்குச் சிதம்பரம் அந்நிய ஊரன்று. தில்லைக் கூத்தனை நினைந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அது முன்னரே அறிமுகமான திருத்தலம். ஆறுமுக நாவலர் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, யாழ்ப்பாணத்துக்கும் தில்லைக்குமிடையே கல்விப் பாலம் ஒன்றை 19ஆம் நூற்றாண்டிலேயே அமைத்திருந்தார். அப்பாலத்தின்மீது பிற்காலத்து மாணவர் நடந்து சென்றனர் எனலாம்.

அவர்கள் சென்ற வழி மன்னார் வழியே. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னார் வரை இருப்புப்பாதை அமைந்து, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கிற்று. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 20 மைல். பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்கள் அவ்வழியில் ஓடின. யாழ்ப்பாணத்து மாணவன் மதவாச்சி வரை தெற்கே வந்து, அங்கிருந்து மன்னார்ப் புகைவண்டியில் ஏறி, தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறுவான். தனுஷ்கோடியிலிருந்து மீண்டும் புகைவண்டி. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் கடந்தால் சிதம்பரம். நூல்கள் நிறைந்த தகரப் பெட்டியுடனும் வீட்டார் கட்டிக்கொடுத்த பலகாரத்துடனும் அவன் செல்லும் வழியில், மன்னார்க் கரையினன் புகைவண்டியின் சாளரத்தூடே தன் ஊர்ப்புறத்து உப்புவெளியையும் பனைமரத்தையும் பார்த்துக்கொண்டே கடல் கடக்கலாம். மேற்படிப்புக்குச் செல்லும் பாதை அவன் வீட்டு வாயிலருகே கிடந்தது. ஆயினும், அப்பாதையில் ஏறுவதற்குரிய பொருள் அவனுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

சிதம்பரம் புகைவண்டி நிலையத்துக்கு மேற்கே கோயிலும் ஊரும். கிழக்கே பல்கலைக்கழகமும் அண்ணாமலைநகரும். இருப்புப்பாதை இரண்டு உலகங்களின் எல்லைக்கோடாகக் கிடந்தது. கிழக்குப் புறத்திலும் திருவேட்களம் என்னும் பாடல்பெற்ற தலம் இருந்தமையால் வளாகமும் கோயிற் சூழலை இழக்கவில்லை. கிழக்கு விடுதி, மேற்கு விடுதி எனப் பெயர்பெற்ற விடுதிகளில் ஆந்திரரும் மலையாளிகளும் தமிழரும் ஈழத்தவரும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தனர். ஒருவன் பேசும் தமிழ் மற்றவனுக்கு நகைப்பாகவும், நாளடைவில் பழக்கமாகவும், இறுதியில் விருப்பமாகவும் மாறிற்று. மார்கழித் திருவாதிரையிலும் ஆனித் திருமஞ்சனத்திலும் தேரோடும் வீதிகளில் திரளும் கூட்டத்தில் மாணவர் கலந்தனர். இசைக் கல்லூரியை வளாகத்தினுள்ளேயே கொண்டமையால், பொருளியல் பயில்வோன் செவியிலும் பண்ணும் தாளமும் விழுந்தன. தமிழ்ப் பாடல்களுக்கு இசையரங்கில் உரிய இடம் வேண்டும் என்னும் கோரிக்கை 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாட்டினின்றும் வலுப்பெற்றது. மாணவன் பாடநூலிற் படித்திராத ஒரு வரலாறு அவன் வாழ்ந்த வளாகத்திலேயே உருவாகியது.

ஈழத்தவர்க்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவைக் கூறுமிடத்து முதலில் நினைக்கப்படுபவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த அவர் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். விஞ்ஞானம் கற்றவர், துறவி, ஆங்கிலமும் வடமொழியும் வல்லவர். அத்தகையவர் தமிழ்ப் பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தமை, தமிழ் கற்போர் பிறதுறை அறியாதவர் என்னும் எண்ணத்தை மாற்றிற்று. பாரதியின் பாடல்களைக் கற்றோர் அவையில் ஏற்றிவைக்க அவர் முயன்றார். வகுப்பறையோடு தம் கடமை முடிந்ததெனக் கருதாது, அண்மையிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள சிறுவர்க்கு எழுத்தறிவித்தார். சிறுநகரத்துப் பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியேயுள்ள ஊருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது என்பதற்கு அச்செயல் விடையாக அமைந்தது. பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அவர் பொறுப்பேற்றபோது, சிதம்பரத்து அனுபவம் ஈழத்துக்குத் திரும்பி வந்தது.

ஆசிரியராய்ச் சென்றவர் அவரெனின், மாணவராய்ச் சென்றோருள் தலைசிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்து, உரோமையில் மறைக்கல்வி பயின்று குருவானவர், 1940களின் பிற்பகுதியில் அண்ணாமலைநகருக்கு வந்து மீண்டும் மாணவராய் அமர்ந்து தமிழிலக்கியம் கற்றார். முப்பது வயது கடந்த கத்தோலிக்கத் துறவி ஒருவர் சைவத் திருத்தலத்தின் நிழலில் சங்க இலக்கியம் பயின்ற அக்காட்சி, சிறுநகர்ப் பல்கலைக்கழகத்தின் பெருமனத்துக்குச் சான்று. உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட அவரது முயற்சிக்கு அங்குப் பெற்ற கல்வியே அடிப்படையாயிற்று.

விடுதி வாழ்வு அரசியலுக்கும் நாற்றங்காலாயிற்று. 1940களின் தொடக்கத்தில் அங்கே தமிழ் பயின்ற இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் பிற்காலத்தில் தமிழ்நாட்டு அமைச்சர்களாயினர். இரவுணவின் பின் விடுதித் தாழ்வாரத்தில் நிகழ்ந்த வாதங்கள் சில ஆண்டுகளின் பின் மேடைப் பேச்சாகவும் சட்டசபை விவாதமாகவும் மாறின. ஆயினும் மாணவர் அரசியலுக்கு விலையும் உண்டு. 1965 சனவரி 27 அன்று, இந்தி ஆட்சிமொழியாதலை எதிர்த்துத் திரண்ட மாணவர்மீது காவற்றுறையினர் சுட்டபோது இராசேந்திரன் என்னும் மாணவர் உயிரிழந்தார். அவரது சிலை பல்கலைக்கழக வாயிலருகே நிற்கின்றது. பட்டம் பெற்றுச் செல்வோர் பெயரைப் பதிவேடு காக்கும்; பட்டம் பெறாது வீழ்ந்தவனை அச்சிலை காக்கின்றது.

இத்துணைச் சிறப்புடைய வாழ்வு மன்னார்க் கரையில் எத்தனை பேருக்குக் கிட்டிற்று? கடல் கடந்து கற்பதற்கு விடுதிச் செலவும் வழிச்செலவும் வேண்டும். நிலமும் உத்தியோகமும் உடைய குடும்பத்தினர்க்கு அது இயன்றது. அன்றன்று வலை வீசி அன்றன்று உண்ணும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது கனவேயாம். இலங்கை விடுதலை பெற்றபின் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் இடைப்புகுந்தன. 1964 திசம்பர் 22ஆம் நாளிரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது; நகரை நோக்கி வந்த புகைவண்டியும் பயணிகளோடு அலையில் மாய்ந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடிற்றாயினும், 1980களில் அதுவும் நின்றது. அறுபது, எழுபது ஆண்டுகள் மாணவரைச் சுமந்த வழி அவ்வாறு மூடிற்று.

அதற்கு முன்னரே இலங்கையினுள் வேறொரு வாயில் திறந்திருந்தது. 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் பேராதனைக்குக் குடிபுகுந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை மகாவலிக் கரையில், மலைச்சாரலில், மாணவர் தங்கிப் பயிலும் இடமாகவே கருதி அமைத்தார். அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம் எனத் தமிழ்ப் பெரியோர் பெயர் தாங்கிய விடுதிகளும் அங்கே எழுந்தன. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960இல் கலைத்துறையில் தாய்மொழி போதனாமொழியானமையும் ஏழை வீட்டு மாணவர்க்கு வழி சமைத்தன. உப்புக்காற்றில் வளர்ந்தவன் மலைப்பனியில் நடுங்கிய வண்ணம் விரிவுரைக்குச் சென்றான். முதன்முறையாகச் சிங்கள மாணவனோடு ஒரே மேசையில் உண்டான். விடுதியின் மேலே குன்றில் குறிஞ்சிக்குமரன் கோயில் மணி கேட்டுத் தன் ஊரை நினைந்தான்.

பேராதனை வாழ்வில் மன்னார்க் கரைக்குத் தனிச் சிறப்பொன்றும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவரைக்கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளைப் புதுமுறையில் அரங்கேற்றினார். கிராமத்தார் ஆடிய கூத்தை இழிவெனக் கருதிய கற்றோர் அதனைக் கலையெனப் போற்றும் நிலை அதனாற் பிறந்தது. அவரே மன்னார் நாட்டுப் பாடல்களையும், மன்னார்க் கத்தோலிக்க மரபின் கூத்தாகிய மூவிராசாக்கள் நாடகம் முதலியவற்றையும் பதிப்பித்தார். கிராமத்து அண்ணாவியாரின் பழைய ஏட்டுப்பிரதியிலிருந்த பாட்டு, பேராசிரியரின் முன்னுரையோடு அச்சேறிற்று. மன்னாரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர் தொகை அக்காலத்தில் சிறிதே. ஆயினும் மன்னாரின் பாட்டு அவர்களுக்கு முன்னரே அங்குச் சென்று இடம்பிடித்திருந்தது. தன் பாட்டியின் ஒப்பாரி ஆராய்ச்சிக்குரிய பொருள் என்று அறியும் மாணவன், தன் ஊரைப் புதிய கண்ணால் நோக்குகின்றான். கல்வி அவனை ஊரிலிருந்து பிரிப்பதற்கு மாறாக ஊரோடு பிணைக்கின்றது.

இவ்விடத்தில் ஈழத்துக் கல்வி வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம் ஒன்றை நேர்மையோடு நோக்குதல் வேண்டும். 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவ பீடத்திற்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவர்க்கு 229 புள்ளி போதுமாயிற்று. தரப்படுத்தல் எனப் பெயர்பெற்ற இம்முறை, கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டிருந்த யாழ்ப்பாணத்து இளைஞரின் நெஞ்சில் ஆறாத புண்ணை ஏற்படுத்திற்று. அப்புண்ணே பின்னர் நாடு கண்ட பெருந்துயருக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்வர். மொழியைக் கொண்டு மாணவனின் திறமையை அளந்தமை அநீதியே.

ஆனால் 1974 முதல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீட்டின் மறுபக்கமும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இடத்தைக் குறைத்த அம்முறையே, மன்னார், வவுனியா முதலிய பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்க்கு முதன்முறையாக இடத்தை உறுதிசெய்தது. ஆய்வுகூடமில்லாத பாடசாலையில், விஞ்ஞான ஆசிரியரை ஆண்டில் சில மாதமே கண்ட பிள்ளையும், நல்லூரில் தேர்ந்த ஆசிரியர் பலரிடம் பயின்ற பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். இருவர் பெற்ற புள்ளியும் ஒரே பொருளுடையது ஆகுமா? கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டம் என்னும் பங்கீடு இன்று நிலவுகின்றது. ஒருவனுக்கு அடைபட்ட கதவு மற்றவனுக்குத் திறந்தமையைக் காணாதுவிடின் வரலாறு அரைகுறையாகும். திறந்த கதவை மட்டும் கண்டு அடைபட்டதை மறப்பினும் அவ்வாறே.

அதே 1974இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய திருநெல்வேலிப் பரமேசுவராக் கல்லூரியை நிலைக்களனாகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். விடத்தல்தீவு மாணவனுக்கு யாழ்ப்பாணம் அண்மையிலேயே உள்ளது போலத் தோன்றும். பூநகரிச் சாலை வழியே சென்றால் இடையிற் கிடப்பது கடல்நீரேரி ஒன்றே. சங்குப்பிட்டியில் பாதை என மக்கள் வழங்கும் மிதவையேறிக் கடந்தால் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆனால் போர்க்காலத்தில் அச்சிறு நீர்ப்பரப்பு இந்துமாகடலினும் அகன்றதாயிற்று. வளாகமும் துயரினின்று தப்பவில்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று மருத்துவ பீட ஆசிரியை ராஜனி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார்; 1995 ஒக்டோபர் இறுதியில் நகர மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது மாணவரும் ஆசிரியரும் சிதறினர்.

விடத்தல்தீவின் நிலை அதனினும் கொடிது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம்களும் தம் வீடுவாசலை விட்டுப் புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர். எஞ்சியோரும் பின்னர்ப் பலமுறை இடம்பெயர்ந்தனர். கடற்புலிகளின் தளமாயிருந்த இவ்வூரை 2008 சூலை 16 அன்று இராணுவம் கைப்பற்றியபோது அங்கே பாடசாலை மணி ஒலிக்கவில்லை. அக்காலத்துப் பிள்ளைகள் மரநிழலிலும் கூடாரத்திலும் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். அவர்கள் பெற்ற ஒவ்வொரு சித்தியின் பின்னும் மதிப்பெண் அட்டையில் எழுதப்படாத கதை ஒன்று உண்டு. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை புகைவண்டி மீண்டும் ஓடிற்று. மூடிய வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின.

இனி, மன்னார்க் கரைக்கு மிக அணித்தான கல்வி நிலையத்தை நோக்குதல் தகும். 1991இல் வவுனியாவில் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்து, 2021 ஆகத்து 1ஆம் நாள் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் தொடக்கத்தில் பரந்த மண்டபமில்லை, நூலகமும் சிறிது. போர்க்காலத்தில் வவுனியா எல்லைநகராய் இருந்தது. வடக்கினின்றும் வந்தோர் அங்கே தங்குவதற்கும் அப்பாற் செல்வதற்கும் பாஸ் பெறவேண்டியிருந்த காலம் அது. மாணவன் தன் புத்தகப் பையோடு அனுமதிச் சீட்டையும் காத்துக்கொண்டான். சிதம்பரத்து மாணவன் தேர்த்திருவிழாவுக்காக விரிவுரையைத் தவறவிட்டான். வவுனியா மாணவன் சோதனைச் சாவடியில் நின்றமையால் தவறவிட்டான்.

பல்கலைக்கழகத்தின் பெருவளாகம் நகரத்துக்கு அப்பால், மன்னார் செல்லும் வீதியில், பம்பைமடுவில் உள்ளது. அவ்வீதி துயரம் அறிந்த வீதி. 2009இல் வன்னியினின்றும் வந்த மக்கள் இலட்சக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த முகாம்கள் அதன்மேலேயே செட்டிகுளத்தருகே அமைந்தன. மாணவர்க்கென எழுப்பிய பம்பைமடு விடுதிக் கட்டிடங்களும் அப்போது சிலகாலம், சரணடைந்த பெண்களைத் தடுத்துவைத்த புனர்வாழ்வு நிலையமாயின. பெற்றோர் முகவரி தேடி ஏங்கிய இளம்பெண்கள் வாழ்ந்த இடத்தில் இன்று மாணவியர் பரீட்சைக்குப் படிக்கின்றனர்.

இங்குள்ள மாணவ வாழ்வு ஆடம்பரமற்றது. வியாபாரக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பக் கற்கைகள் என்னும் பீடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து பயில்கின்றனர். வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் அவரவர் தாய்மொழி, சிற்றுண்டிச்சாலையில் மூன்றும் கலந்த ஒரு மொழி. விடுதியில் இடம் கிட்டாதோர் அயல்வீடுகளில் அறை எடுத்துத் தங்கிக் கூட்டாகச் சமைக்கின்றனர். 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதப்பணம் வரும்வரை கடையில் கடன் சொல்வதும் உண்டு. மாணவரை நம்பிக் கடை வைத்தோரும், அறை கட்டி வாடகைக்கு விட்டோரும், முச்சக்கரவண்டி ஓட்டுவோரும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே வாழ்கின்றனர். விடுமுறையில் மாணவர் ஊர் திரும்பியபின் வெறிச்சோடும் அவ்வீதியைக் காண்போர், நகரம் பல்கலைக்கழகத்தையும் பல்கலைக்கழகம் நகரத்தையும் எவ்வளவு தாங்குகின்றன என்பதை உணர்வர்.

தங்கிப் பயிலும் வாழ்வுக்கு இருண்ட பக்கமும் உண்டு. வீட்டைவிட்டு முதன்முறை வந்த இளையோனை மூத்தோர் வதைக்கும் பகிடிவதை, நாட்டின் பல்கலைக்கழகங்கள் பலவற்றைப் பற்றிய நோய். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியும் நோய் முற்றாக நீங்கவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்வது தானாகவே நட்பைத் தருவதில்லை. வலியோன் மெலியோனை ஒடுக்கவும் அதே கூரை உதவும். கரையோரச் சிற்றூரினின்றும் பேச்சிலும் உடையிலும் வேறுபட்டு வரும் மாணவனே பெரும்பாலும் முதலில் நகைக்கப்படுகின்றான். மாவட்ட ஒதுக்கீட்டால் வந்தவன் என்னும் ஏளனச் சொல்லும் அவன் செவியில் விழுகின்றது. இடம் கொடுத்த சட்டம் மதிப்பையும் கொடுத்துவிடாது. அதனைக் கொடுக்கவேண்டியவர் அவனோடு உண்பவரும் உறங்குபவருமே.

சிதம்பரம் முதல் பம்பைமடு வரையுள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் அனுபவத்தை ஒருசேர நோக்கின் உண்மையொன்று புலனாகும். பல்கலைக்கழகத்தின் சிறப்பு அது நிற்கும் நகரின் அளவைப் பொறுத்ததன்று. அங்கே வாழ்வோர் தம்மினும் வேறுபட்டோரோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர், அயலிலுள்ள ஊருக்கு என்ன செய்தனர் என்பவற்றைப் பொறுத்தது. விபுலாநந்தர் திருவேட்களத்துச் சேரிக்கு நடந்தார். வித்தியானந்தன் மன்னார் ஏட்டுப்பிரதிகளை அச்சேற்றினார். இருவரும் பல்கலைக்கழகத்தின் வாயில் இருபுறமும் திறப்பது என்பதைச் செயலிற் காட்டினர்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் கண்டற்காடு உண்டு. அதற்கு அண்மையில், வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடலுயிரியல் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி அக்காட்டையும் கழிமுகத்தையும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றது. விடத்தல்தீவிலும் அத்தகைய கண்டற்காடு உண்டு. அதன் கடலும் கரையும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பெற்றன. எந்தச் சேற்றில் இறால் குஞ்சு பொரிக்கும், எந்தக் காற்றில் மீன் கரையணையும் என்பதை அவ்வூர்த் தந்தையர் நூலின்றியே அறிவர். அவர்தம் மக்கள் வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானமும் பிறவும் கற்று, அவ்வறிவுக்கு அளவும் சான்றும் தரவல்லோராய்த் திரும்புவராயின், ஒதுக்கீட்டால் கிட்டிய இடம் ஒரு குடும்பத்தின் உத்தியோகத்தோடு முடியாது ஒரு கரையின் காவலாகவும் ஆகும்.

ஒருகாலத்தில் விடத்தல்தீவு மாணவன் கப்பலேறிப் பல்கலைக்கழகம் செல்லவேண்டியிருந்தது. இன்று மன்னார் வீதியிற் காலையில் பேருந்தேறுவோன் நண்பகலுக்குள் பம்பைமடு வாயிலில் இறங்குகின்றான். போகும் வழி குறுகிவிட்டது. கற்றவன் ஊருக்குத் திரும்பும் வழியும் அவ்வாறே குறுகுமாயின், மாந்தைத் துறை இழந்த பெருமையின் ஒரு பகுதியையேனும் அக்கரை மீண்டும் பெறும்.